லூப் கழன்றால் பசைதான் வழியா? பஞ்ச் நீடிலும் இலையுதிர்காலத் தொடக்கமும்

வாசகர் கேட்டது, செப்டம்பர் 1

பஞ்ச் நீடில், அதாவது குழாய் போன்ற ஊசியால் துணியில் நூலைக் குத்தி லூப் லூப்பாக நிரப்பிப் படம் செய்வது, ஒரு சாயங்கால வேலைதான், இதில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. குத்த வேண்டும், எடுக்க வேண்டும். லூப் கழன்றால் பின்பக்கம் பசை தடவினால் முடிந்தது. இலையுதிர்காலத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று ஆரஞ்சு அக்ரிலிக் நூலும் பூசணிக்காய் படமும் வாங்கி வைத்திருக்கிறேன். எந்தப் பசை நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 1, இரவு

பசையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. எந்தத் துணியில் குத்துகிறீர்கள்?

பஞ்ச் நீடிலில் முடிச்சே கிடையாது. ஊசி துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. மறுபக்கம் ஒரு லூப்பை விட்டுவிட்டு வெளியே வருகிறது. விலகிய இழைகள் பழைய இடத்துக்கு வந்து நூலைக் கவ்விக்கொள்கின்றன, பக்கத்து லூப்புகளும் நெருக்கிப் பிடிக்கின்றன. பிடிமானம் அவ்வளவுதான். லூப் நிற்கவில்லை என்றால் இந்தக் கவ்வல் நடக்கவில்லை. துணி, நூல், ஊசி மூன்றில் ஏதோ ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை. அதை விட்டுவிட்டுப் பசையைத் தேடினால் அடுத்த துண்டிலும் இதே கதைதான்.

செப்டம்பர் 2, காலை

சட்டைத் துணி என்று பதில் போட்டிருக்கிறீர்கள். காரணம் அதுதான்.

சட்டைத் துணியின் நெசவு மிக நெருக்கம். தடித்த ஊசி அதில் இழைகளை விலக்க முடியாமல் அறுத்துக்கொண்டு போகும். அறுந்த இழை எதையும் கவ்வாது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரிந்தால் இழைகள் அறுந்திருக்கின்றன.

தடித்த நூலுக்கு ஏற்றது மாங்க்ஸ் கிளாத். பருத்தித் துணிதான், ஆனால் இழைகள் இரண்டிரண்டாக ஓடும், அங்குலத்துக்கு 12 முதல் 14 கட்டங்கள் இருக்கும். பெரிய கண் உள்ள நெசவு என்பதால் ஊசி வழுக்கிப் போகும், இழைகளும் தாராளமாகத் திரும்பி வரும். சீரான கட்டம் உள்ள முரட்டு லினனும் நல்லது, நீண்ட நாள் உழைக்கும். சணல் சாக்குத் துணி பார்க்க அழகாக இருந்தாலும் நாளாக ஆக உலர்ந்து நொறுங்கும். சுவரில் மாட்டுவதற்கு மட்டும் அதை எடுக்கலாம், காலில் மிதிபடும் பொருளுக்குக் கூடாது.

செப்டம்பர் 2, மதியம்

துணியின் இறுக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. விரலால் தட்டினால் மேளம் மாதிரி விண்ணென்று இருக்க வேண்டும். தொய்ந்த துணியில் ஊசியோடு சேர்ந்து துணியும் கீழே போகும், லூப் குட்டையாகும், அடுத்த குத்தில் முந்தையது உருவிக்கொள்ளும். துணியை மாட்டும் சாதாரண மர வளையம் (ஹூப்) கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். உட்புறம் வரம்பு வைத்துக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் ஹூப் கிடைக்கிறது, அது பரவாயில்லை. பெரிய வேலைக்கு மரச் சட்டத்தில் துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடியுங்கள்.

செப்டம்பர் 3

துணியை மாற்றியும் கழல்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கையைப் பார்க்க வேண்டும்.

ஊசியைக் கைப்பிடி துணியில் முட்டும் வரை இறக்குங்கள். பாதியில் நிறுத்தினால் லூப்புகள் ஏற்றத்தாழ்வாக வரும். எடுக்கும்போது ஊசி முனை துணியை விட்டு எழக் கூடாது. முனை துணிமேல் உரசியபடியே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கைத்தையல் பழக்கத்தில் ஊசியை மேலே தூக்கிவிடுகிறார்கள். அப்படித் தூக்கும் ஒவ்வொரு தடவையும், சற்று முன் விட்ட லூப்பிலிருந்து நூல் உருவப்படுகிறது.

ஊசியின் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போல் இருக்கும். நீங்கள் நகரும் திசையை அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது ஊசியும் கூடவே திரும்ப வேண்டும். கைக்கு அசௌகரியமாக இருந்தால் சட்டத்தையே திருப்பிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

நூல் தடையில்லாமல் வர வேண்டும். உருண்டையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு முன்கூட்டியே இழுத்து மடியில் தளர விட்டுக்கொள்ளுங்கள். உருண்டை சோபா இடுக்கில் சிக்கியிருப்பதும், நூலின்மேல் நாமே உட்கார்ந்திருப்பதும் கழல்வதற்குப் பெரிய காரணங்கள். சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் நூலின் தடிமன். ஊசிக் குழாயை அது நிறைக்க வேண்டும், ஆனால் தொங்கவிட்டு இழுத்தால் தானாக வழுக்கி வர வேண்டும். மெல்லிய நூலாக இருந்தால் துணியின் ஓட்டையில் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு இழையாகப் போடுங்கள்.

செப்டம்பர் 3, சற்று பின்

தப்பாகக் குத்திவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உருவிவிடுங்கள். அந்த இடத்தை ஊசி முனையால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கீறினால் இழைகள் ஒதுங்கி ஓட்டை மூடிக்கொள்ளும். உருவிய நூலையே மறுபடி பயன்படுத்தலாம்.

செப்டம்பர் 5

பசை பற்றிய எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். டஃப்டிங் துப்பாக்கி, அதாவது துணியில் நூலை வேகமாக நட்டுக் கம்பளம் செய்யும் கருவி, அதன் காணொளிகளில் கடைசியில் பின்பக்கம் முழுக்கப் பசையை வழித்துப் பூசுவார்கள். அது வேறு வேலை. துப்பாக்கி நூலை அறுத்து அறுத்துத் தனித்தனி இழையாக நடும்போது, ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்திருப்பதே பசைதான், அங்கே அது இல்லாமல் முடியாது. நம் ஊசியில் நூல் அறுவதில்லை. ஒரே நூல் ஒரு லூப்பிலிருந்து அடுத்த லூப்புக்கு ஓடிக்கொண்டே போகிறது.

என் நாற்காலி மெத்தை ஒன்று கம்பளி நூலில் செய்தது, பின்னால் பசை கிடையாது. தினமும் உட்கார்ந்து எழுகிறோம், துவைத்தும் இருக்கிறேன், ஒரு லூப் வெளியே வரவில்லை. உட்கார உட்கார லூப்புகள் ஒன்றோடு ஒன்று படிந்து இன்னும் இறுகியிருக்கின்றன. கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் அந்தச் செதில் இல்லை, அவை வழுக்கும்.

பசை பூசிய துண்டு விறைத்துப்போகும். லேடெக்ஸ் என்ற ரப்பர் பசையைப் பூசினால் அது காலப்போக்கில் காய்ந்து தூளாக உதிர ஆரம்பிக்கும். பிற்பாடு ஓரிடம் பழுதானால் உருவித் திரும்பக் குத்தவும் முடியாது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசி விஷயம்தான். கையால் செய்த பொருளைக் கையாலேயே சரிசெய்ய முடிய வேண்டும்.

செப்டம்பர் 6

"சாயங்கால வேலை" என்றதற்கு வருகிறேன். கோஸ்டர் அளவில் ஒன்றை ஒரு சாயங்காலத்தில் முடிக்கலாம், அது உண்மை. ஆனால் கையின் தாளம் சீராக நாளாகும். தடித்த கம்பளியில் நான் வைத்திருக்கும் அளவு இது: உருவத்தின் ஓரக்கோட்டில் அங்குலத்துக்கு 6 குத்து, உள்ளே நிரப்பும்போது 4. முதலில் ஓரம், அதை ஒட்டி உள்ளே ஒரு வரிசை, அப்புறம் நடு. ஓரம் நெருக்கமாக இருந்தால்தான் உருவம் தெளிவாகத் தெரியும்.

"லூப் கழலாமல் இருக்க இன்னும் நெருக்கமாகக் குத்தலாமே" என்று தோன்றும். கூடாது. அளவுக்கு மீறித் திணித்தால் துண்டு கிண்ணமாகக் குழிந்துகொள்ளும், தரையில் படியாது. பின்பக்கம் குத்துகளுக்கு நடுவே துணி இலேசாகத் தெரியலாம். முன்பக்கம் தெரியாமல் இருந்தால் போதும்.

செப்டம்பர் 6, இரவு

மேலே சொன்ன அளவெல்லாம் தடித்த ஊசிக்கு. எம்பிராய்டரி நூலை ஒன்று, மூன்று, ஆறு இழை என்று போட்டுக் குத்தும் மெல்லிய ஊசி இருக்கிறதே, அதற்குத் துணியே வேறு. வீவர்ஸ் கிளாத் என்ற பருத்தி-பாலியெஸ்டர் கலப்புத் துணி அதற்குச் சரியாக வரும். மாங்க்ஸ் கிளாத்தில் அந்த ஊசியைப் போட்டால் லூப்புகள் ஓட்டை வழியே விழுந்துவிடும்.

செப்டம்பர் 9

இப்போது அந்த ஆரஞ்சு நூலுக்கு வருவோம். பசையை விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இலையுதிர்காலம் என்றதும் எல்லோரும் ஆரஞ்சை எடுக்கிறார்கள். ஆனால் இது இலையுதிர்காலத்தின் தொடக்கம். வெளியே போய் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். என் மேசைமேல் இப்போது ஒரு மேப்பிள் இலை இருக்கிறது. நரம்புகளை ஒட்டி இன்னும் நல்ல பச்சை. நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள் ஊறத் தொடங்கியிருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒரே ஒரு நுனியில் மட்டும் செம்பு நிறம். அந்தச் செம்பும் பச்சையும் சேரும் இடத்தில் மங்கிய ஊதாக் கோடு ஒன்று. வலப்பக்கம் பூச்சி அரித்த சிறு துளை, அதைச் சுற்றிக் காய்ந்த பழுப்பு வளையம். முழு இலையில் ஆரஞ்சு என்று சொல்லத்தக்க இடம் கட்டைவிரல் நகத்தளவு கூட இல்லை.

இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பகல் குறையக் குறைய மரம் இலையிலிருந்து சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது. மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் கோடை முழுக்க இலைக்குள் இருந்தவைதான். பச்சை விலகும்போது அவை வெளியே தெரிகின்றன. சிவப்பு தரும் ஆந்தோசயனின் அப்படியல்ல, அது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு அதிகம் ஏறும். ஆக, தொடக்கத்தில் பச்சையே ஆட்சி செய்யும், மஞ்சள் எட்டிப்பார்க்கும், சிவப்பு ஓரத்தில் நிற்கும்.

அதை அப்படியே குத்துங்கள். இலையை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் வையுங்கள், தாளை ஓரிரு முறை மாற்றுங்கள், சில நாளில் தட்டையாகிவிடும். அதைத் துணிமேல் வைத்து ஓரத்தை வரைந்துகொள்ளலாம். நாம் குத்துவது பின்பக்கத்திலிருந்து, லூப் வருவது முன்பக்கம், எனவே படம் இடவலமாகத் திரும்பும். இலையின் மேல்புறம் துணியைப் பார்க்கும்படி கவிழ்த்து வரைந்தால் முன்பக்கம் சரியாக வரும். எழுத்து குத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முதலில் நரம்புகள், ஒற்றை வரிசையில் கரும்பச்சை. பிறகு நடுப்பகுதி. பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும் இடத்தில் மெல்லிய பச்சை இழை ஒன்றும் மெல்லிய மஞ்சள் இழை ஒன்றும் சேர்த்து ஒரே ஊசியில் கோத்துக் குத்துங்கள். லூப்புகளில் இரண்டும் கலந்து, இலையில் இருப்பதைப் போலவே எல்லை தெரியாத நிறம் வரும். பூச்சித் துளையை விட்டுவிடாதீர்கள். பின்னணி நிறத்தில் இரண்டு மூன்று குத்து, சுற்றிலும் பழுப்பில் ஒரு வட்டம். இலைக்கு உயிர் வருவது அந்த இடத்தில்தான்.

செப்டம்பர் 10

"அப்போ பூசணிக்காய் செய்யக் கூடாதா?" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். கொடியில் இருக்கும் பூசணியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். காம்புப் பக்கம் பச்சை வரிகள், தரையில் பட்டிருந்த பக்கம் வெளிறிய மஞ்சள். வரிப் பள்ளங்களில் லூப் உயரத்தைக் குறைத்துக் குத்தினால் பள்ளம் உண்மையாகவே பள்ளமாகத் தெரியும்.

செப்டம்பர் 10, இரவு

இன்னொரு வழியும் இருக்கிறது. பள்ளம் வரும் இடத்தை மட்டும் துணியின் முன்பக்கத்திலிருந்து குத்தினால் அங்கே லூப்புக்குப் பதில் தட்டையான தையல் நிற்கும். உயரத்தை மாற்ற முடியாத ஊசி வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

செப்டம்பர் 13

கடைகளில் கிடைக்கும் நூலில் இந்த மங்கிய பச்சையும் செம்பும் கிடைக்கவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே சாயம் போடலாம், இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்று நூல் நிறம் ஏறுவதைப் பார்ப்பதற்கு ஈடே இல்லை.

வெங்காயத் தோல் சேர்த்து வையுங்கள், வெளியே இருக்கும் காய்ந்த தோல் மட்டும். கம்பளி எவ்வளவு எடையோ ஏறக்குறைய அவ்வளவு எடைத் தோல் வேண்டும்.

முதலில் கம்பளிக்குப் படிகாரம் ஏற்ற வேண்டும். 100 கிராம் காய்ந்த கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம். சுடுநீரில் கரைத்து, தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, நனைத்த கம்பளியைப் போட்டு மெதுவாக 80 டிகிரி வாக்கில் சூடேற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். கொதிக்க விடக் கூடாது. இது இல்லாவிட்டால் சாயம் அவ்வளவு உறுதியாக நிற்காது.

வெங்காயத் தோலைத் தனியாக ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் படிகாரம் ஏறிய கம்பளியைப் போட்டு மறுபடி மெதுவாகச் சூடேற்றுங்கள். தங்க மஞ்சளில் தொடங்கி, நேரம் ஆக ஆக துரு நிறத்துக்குப் போகும். வேண்டிய நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அதிலேயே ஆறவிடுங்கள். சூடான கம்பளியைக் குளிர்ந்த நீரில் முக்கினால் சுருங்கித் திரண்டு கட்டியாகிவிடும். கைப்பக்குவம் முழுக்க இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

பச்சை வேண்டுமா? அதே சாற்றில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், 100 கிராம் கம்பளிக்கு 1 அல்லது 2 கிராம் மட்டும் கரைத்து, கம்பளியை மறுபடி போட்டுச் சில நிமிடம் வையுங்கள். மஞ்சள் கண்ணெதிரே ஆலிவ் பச்சையாக மாறும். கூடுதலாகப் போட்டால் கம்பளி முரடாகி நைந்துபோகும். இந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது, சாயத்துக்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னபேதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

செப்டம்பர் 14

"அக்கா, மஞ்சள்தூள் போட்டால் இன்னும் பளிச்சென்று வருமே?" வரும். ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சம் தாங்காது. ஜன்னலோரச் சுவரில் மாட்டினால் சீக்கிரமே வெளிறிவிடும். மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்றால் செண்டுமல்லிப் பூவை எடுங்கள், அது நன்றாக நிற்கும். வாடிய பூவையும் போடலாம், முறை வெங்காயத் தோலுக்குச் சொன்னதுதான்.

செப்டம்பர் 14, மாலை

சாயம் பிடிக்கவே இல்லை என்று எழுதியவருக்கு: உங்கள் நூல் அக்ரிலிக்காக இருக்கும். இந்தச் சாயங்கள் கம்பளியில் ஏறும், அக்ரிலிக்கில் ஏறாது. உல்லன் நூல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக். சின்னத் துண்டை வெட்டி இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிக் கருத்த கெட்டி மணியாக நிற்கும். ஆறும் வரை அதைத் தொடாதீர்கள்.

வாங்கிவிட்ட ஆரஞ்சு அக்ரிலிக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுவர் அலங்காரத்துக்கு அது போதும். சூடான பாத்திரம் வைக்கும் விரிப்புக்கு மட்டும் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கம்பளிதான், அது எளிதில் தீப்பற்றவும் பற்றாது.

செப்டம்பர் 18

வால்நட் மரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்போதுதான் நேரம். காயின் மேலே இருக்கும் தடித்த பச்சைத் தோலைச் சேருங்கள், கருக்கத் தொடங்கியதும் பரவாயில்லை. தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் கொதிக்கவைத்தால் அடர்ந்த பழுப்பு வரும். அதில் உள்ள ஜக்லோன் என்ற நிறப்பொருள் நேரடியாகக் கம்பளியைப் பற்றிக்கொள்ளும், படிகாரமே தேவையில்லை. கையுறை மட்டும் கட்டாயம். விரலில் ஏறிய கறை சோப்புக்குப் போகாது, தோல் உரிந்து வந்தால்தான் உண்டு.

காம்புக்கும் பூச்சித் துளையைச் சுற்றிய வளையத்துக்கும் இந்தப் பழுப்பைத்தான் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். இந்த வாரம் ஆப்பிள் உலர்த்தினேன். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மெல்லியதாக வட்டமாக அரிந்து, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுத்து, ஓவனை 60 டிகிரி வாக்கில் வைத்துக் கதவை இலேசாகத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தோல் பதத்துக்கு வந்துவிடும். எலுமிச்சை எதற்கென்றால், வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் நொதி வேலை செய்து பழுப்பாக்கும், புளிப்பு அதை அடக்கிவிடும். வீடு முழுக்க அந்த வாசனையில் உட்கார்ந்து குத்துவதற்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கோடையில் உலர்த்திய லாவெண்டர் மிச்சம் இருந்தால் உள்ளங்கையளவு இலை ஒன்றைக் குத்தி, பின்னால் நெருக்கமான பருத்தித் துணி வைத்து மூன்று பக்கம் தைத்து, பூவை நிரப்பி மூடுங்கள். பின்துணி நெருக்கமாக இல்லாவிட்டால் பூத்தூள் கசியும். கம்பளித் துணிகள் வைக்கும் அலமாரியில் போட்டு வைக்கலாம்.

செப்டம்பர் 23

பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாட்கள் இவை. வட கோளத்தில் இனி இருட்டுதான் நீளும். அதனால் வரும் சிக்கல் ஒன்று: மஞ்சள் பல்பின் கீழே ஆலிவ் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தைப் பகலிலேயே தேர்ந்தெடுத்து, ஊசியில் கோக்கும் வரிசைப்படி நூல்களைத் தட்டில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குத்துவதற்கு நிறம் பார்க்கத் தேவையில்லாத பின்னணியை ஒதுக்கி வையுங்கள்.

கருநிறத் துணியிலோ நூலிலோ இரவில் கோடு தெரியவில்லை என்றால் சட்டத்துக்கு அடியில் ஒரு விளக்கு வையுங்கள். துணி வழியே வெளிச்சம் வரும்போது எங்கே குத்தியிருக்கிறோம், எங்கே விட்டிருக்கிறோம் என்று துல்லியமாகத் தெரியும்.

செப்டம்பர் 27

இது இணையத்தில் கிளம்பிய புது மோகம் என்று ஒருவர் எழுதியதற்குப் பதில். இல்லை. 1880களிலேயே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரத்துக்காரரான எபினேசர் ராஸ், கம்பளம் செய்யக் குத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பே, கொக்கியால் துணிக்கு மேல் லூப்பை இழுத்துக் கம்பளம் செய்யும் ரக் ஹூக்கிங் இருந்தது. அது மேலிருந்து இழுப்பது, இது பின்னிருந்து தள்ளுவது. இன்று பலர் கையில் இருக்கும் மரக் கைப்பிடி ஊசி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கம்பளக் கலைஞர் ஏமி ஆக்ஸ்ஃபோர்டு 1990களில் வடிவமைத்தது. அதில் ஊசியின் எண் மாறினால் லூப் உயரம் மாறும். அதிகம் புழங்கும் 10ஆம் எண் ஊசி கால் அங்குல லூப் விடும்.

இவ்வளவு காலம் கையில் புழங்கிய வேலைக்கு நுட்பம் ஒன்றும் இல்லை என்று சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை. முதல் பதிலில் நான் கொஞ்சம் சூடாகப் பேசியதற்கும் அதுவே காரணம்.

செப்டம்பர் 30

இலையை முடித்துவிட்டேன், லூப் ஒன்றும் கழலவில்லை என்ற உங்கள் பதிலைப் படித்து உண்மையிலேயே மகிழ்ச்சி, தோழி. பச்சை இவ்வளவு வைத்தும் இலையுதிர்காலம் போலத்தான் தெரிகிறது என்று சொன்னீர்களே, அது போதும்.

இனி ஓரம் முடிப்பது. பசை பற்றிய உங்கள் பழைய கேள்விக்கும் இங்கே கொஞ்சம் இடம் உண்டு. குத்திய பகுதியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் துணி விட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் தையல் போடுங்கள். மெஷின் இல்லை என்றால் அந்த விளிம்பில் மட்டும் துணிப் பசையை மெல்லிய கோடாகத் தடவிக் காயவிடலாம். மெல்லிய ஊசியில் செய்த புரூச் போன்ற குட்டிப் பொருளில் மடிக்கத் துணியே இருக்காது, அதற்கும் விளிம்பில் பசை தேவைப்படும். லூப்புகளின் பின்பக்கத்துக்குப் போக வேண்டாம்.

மடிப்பதற்கு முன் துண்டைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத் துணி விரித்து, பின்பக்கத்திலிருந்து ஆவி படும்படி இஸ்திரிப்பெட்டியை அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். இது கம்பளிக்கு மட்டும், அக்ரிலிக்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். குழிந்த மூலைகள் பெரும்பாலும் இதிலேயே படிந்துவிடும். பிறகு நூல் நுனிகளை முன்பக்கம் இழுத்து லூப் உயரத்துக்குச் சமமாக வெட்டி, விட்ட துணியைப் பின்னால் மடித்துக் கையால் தைத்துவிடுங்கள்.

துவைப்பது பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் படுக்கையாகக் காயப்போடுங்கள். வீட்டில் சாயம் போட்டதாக இருந்தால் முதல் முறை தனியாகத் துவையுங்கள்.